சம்பளம் ஒன்று, வாழ்க்கை இரண்டு

சைகோனில் காலை பஸ்ஸைப் பிடித்தால் பிற்பகலில் புனோம் பென் போய்ச் சேரலாம். தூரம் 230 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆறேழு மணி நேரம் இழுப்பதற்குக் காரணம் நடுவில் இருக்கும் எல்லைச் சாவடி. சைகோனுக்கு அரசாங்கம் வைத்த பெயர் ஹோ சி மின் நகரம். ஆனால் பஸ் கண்டக்டர் முதல் காப்பிக் கடைக்காரர் வரை எல்லோர் வாயிலும் சைகோன்தான். நானும் அப்படியே எழுதுகிறேன். வியட்நாமையும் கம்போடியாவையும் ஒரே பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடி பார்த்துவிடலாம் என்பது இந்தப் பாதையின் வசதி. விமானத்தில் போகிறவர்களுக்கு இரண்டு விமான நிலையங்கள்தான் கண்ணில் படும். அவை எந்த நாட்டிலும் ஒரே அச்சு.

கிளம்புவதற்கு முன் புள்ளிவிவரங்களைப் புரட்டியிருந்தேன். 2024 கணக்குப்படி வியட்நாமில் ஒருவருக்கான சராசரி ஆண்டு வருமானம் சுமார் 4,700 டாலர். கம்போடியாவில் அதில் பாதிக்குச் சற்று மேல். ஐ.நா.வின் மனித வளர்ச்சிக் குறியீட்டில், 2022ஆம் ஆண்டுக் கணக்கில், வியட்நாம் 107ஆவது இடம், கம்போடியா 148. இடையில் 134இல் நாம். இதில் எதுவும் வியப்பில்லை. உறுத்திய எண் வேறு ஒன்று. கம்போடியாவில் துணி, செருப்பு, பை தைக்கும் தொழிற்சாலைகளுக்கு 2025இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 208 டாலர். அதே ஆண்டு வியட்நாமில் சம்பளம் கூடுதலான முதல் மண்டலத்தில், அதாவது சைகோன், ஹனோய் போன்ற நகரங்களில், 49 லட்சத்து 60 ஆயிரம் டாங். லட்சம் என்றதும் மலைக்க வேண்டாம், கிட்டத்தட்ட 195 டாலர்தான். மற்ற மண்டலங்களில் அதற்கும் கீழே. ஏழை நாட்டில் தையல் மிஷினில் உட்காரும் பெண்ணுக்குச் சட்டப்படி கிடைப்பது, வசதியான பக்கத்து நாட்டைவிட ஒரு படி அதிகம். அப்படியென்றால் வாழ்க்கையும் ஒரு படி மேலே இருக்க வேண்டுமே? இந்தக் கேள்வியோடுதான் பஸ் ஏறினேன்.

ஏறுவதற்கு முன் சைகோனைப் பற்றிக் கொஞ்சம். 2025 டெட் புத்தாண்டு முடிந்து ஊர் மறுபடி வேலைக்குத் திரும்பியிருந்த சமயம். முந்தைய டிசம்பரில்தான் நகரத்தின் முதல் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர், 14 நிலையங்கள், ஜப்பான் கடன். 2012இல் தோண்ட ஆரம்பித்ததை முடிக்கப் பன்னிரண்டு ஆண்டு பிடித்தது என்று உள்ளூர்க்காரர்களே கேலி செய்கிறார்கள். தாத்தா பாட்டிகளைப் பேரப்பிள்ளைகள் கூட்டி வந்து எஸ்கலேட்டரில் கையைப் பிடித்து ஏற்றுகிறார்கள். ஆனால் ஊரைச் சுமப்பது இப்போதும் மோட்டார் சைக்கிள்தான். பத்துக் கோடி ஜனத்தொகை உள்ள நாட்டில் ஏழு கோடிக்கு மேல் பதிவான இருசக்கர வாகனங்கள். தொழிற்சாலைக்குப் போகிற பெண், முகமூடியும் கையுறையும் முழுக்கை மேல்சட்டையுமாய், தன் சொந்த வண்டியில் போகிறாள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு மணிக்கு முன்பே பள்ளிக்கூட வாசல்களில் நெரிசல். கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய பிள்ளைகள் அப்பா முதுகில் சாய்ந்து ரொட்டியைக் கடித்தபடி வந்து இறங்குகிறார்கள். நான் இருந்த நாட்களில் ஊர்ப் பேச்சே பள்ளிக்கூடம்தான். வகுப்பு ஆசிரியரே தன் மாணவர்களுக்குக் காசு வாங்கி ட்யூஷன் எடுப்பதற்குக் கடிவாளம் போடும் விதி பிப்ரவரி 14 முதல் நடைமுறைக்கு வந்திருந்தது. பெற்றோர்கள் பாதிப் பேர் மகிழ்ச்சி, பாதிப் பேர் கவலை. அந்த மாதக் கடைசியிலேயே, வரும் கல்வியாண்டிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் கட்டணமே கிடையாது என்று ஆளும் கட்சித் தலைமை முடிவெடுத்தது. எதிர்க்கட்சி இல்லாத நாடு, எதிர்த்து எழுத முடியாத பத்திரிகைகள். அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூட விஷயத்தில் அந்தக் கட்சி ஏமாற்றவில்லை.

ட்ரூவாங் டின் தெருவில் நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலுக்கும் போனேன். பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரிக்காரர்களும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் இங்கே வந்து தொழில் செய்தார்கள். செட்டியார்கள் மீகாங் வண்டலில் விளையும் நெல் வயல்களின் பேரில் வட்டிக்குக் கொடுத்தார்கள். இன்று கோயிலில் வரிசையில் நிற்பவர்கள் பெரும்பாலும் வியட்நாமியப் பெண்கள். ஊதுபத்தியைக் கட்டாகக் கொளுத்தி, சுவரில் நெற்றியை வைத்து, ரகசியமாக ஏதோ வேண்டிக்கொள்கிறார்கள். நிலத்தை அடகு வைத்துக் கடன் வாங்கும் கதை இந்தப் பயணத்தில் மறுபடி குறுக்கே வரும் என்று அப்போது தெரியாது.

பஸ்ஸில் எனக்குப் பக்கத்து இருக்கைகளில் ஒரு கம்போடியக் குடும்பம். அப்பா, அம்மா, கல்லூரிப் பருவத்து மகன். அம்மாவின் மடியில் பெரிய எக்ஸ்ரே உறை. பஸ் குலுங்கும்போதெல்லாம் அதை இரண்டு கையாலும் அணைத்துக்கொள்கிறார். மகன் தட்டுத் தடுமாறி ஆங்கிலம் பேசினான். சைகோனில் உள்ள பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அம்மாவின் முதுகெலும்பைக் காட்டித் திரும்புகிறார்கள். ஊரில் மூன்று இடத்தில் காட்டி, மூன்று பேரும் மூன்று விதமாய்ச் சொன்ன பிறகு, நேராக எல்லை தாண்டி வந்துவிட்டார்களாம். செலவுக்கு? வீட்டுப் பட்டாவை வைத்து மைக்ரோ ஃபைனான்ஸில் வாங்கியது என்றான். எவ்வளவு வட்டி என்று நான் கேட்க, அவன் அப்பாவிடம் திரும்பிக் கேட்டான். அவர் பதில் சொல்லாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

வியட்நாமில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அரசின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அட்டை இருந்தாலும் கைக்காசு போகத்தான் செய்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரே கட்டிலில் இரண்டு நோயாளிகள் படுக்கும் நிலையும் முழுக்க ஒழிந்துவிடவில்லை. ஆனாலும் வைத்தியம் பார்ப்பதற்காக நாட்டை விட்டு பஸ் ஏற வேண்டிய நிலை அங்கே சாதாரணக் குடும்பத்துக்கு இல்லை. கம்போடியாவில் பரம ஏழைக்கு ஓர் அட்டை உண்டு. தொழிற்சாலை ஊழியருக்குச் சமூகப் பாதுகாப்பு நிதி உண்டு. நடுவில் இருப்பவர்கள், அதாவது இரண்டு ஏக்கர் வயலும் ஒரு வீடும் உள்ளவர்கள், கடனில்தான் வைத்தியம் பார்க்கிறார்கள். ஜனத்தொகையோடு ஒப்பிட்டால் உலகிலேயே நுண்கடன் மிக அதிகமாக உள்ள நாடுகளில் கம்போடியா ஒன்று. பெரும்பாலும் நிலப் பத்திரம்தான் ஈடு. அந்தக் காலத்துச் செட்டியார் கடைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குப் புரியவில்லை.

மொக் பாய் எல்லையில் கண்டக்டர் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி ரப்பர் பேண்ட் போட்டு ஒரு கட்டாகக் கட்டினார். அந்தக் கட்டு கவுன்ட்டருக்குள் போய் முத்திரையோடு திரும்பியது. எதிரே கம்போடியப் பக்கம் பவெட். சாவடியைத் தாண்டியதும் வரிசையாகச் சூதாட்ட விடுதிகள். கம்போடியச் சட்டப்படி கம்போடியர்கள் சூதாடக் கூடாது. வியட்நாமில் சொந்தக் குடிமக்களைச் சூதாட்ட அரங்குக்குள் விடும் இடம் அரிது. ஆகவே இந்த விடுதிகள் பெரும்பாலும் வியட்நாம் பக்கத்துக் காசை நம்பி நிற்கின்றன. நோயாளி கிழக்கே போகிறார், சூதாடி மேற்கே வருகிறார். இரண்டு நாட்டு அரசாங்கங்களின் லட்சணத்தை இதைவிடச் சுருக்கமாக ஓர் எல்லைச் சாவடி சொல்லிவிட முடியாது.

பவெட் பெயரைக் கேட்டால் நம் ஊரில் சில குடும்பங்களுக்கு வயிறு கலங்கும். டேட்டா என்ட்ரி வேலை என்று ஆசை காட்டிக் கூட்டிப்போய், மதில் சுவர் கட்டிய கட்டடங்களுக்குள் அடைத்து, இணைய மோசடி செய்ய வைக்கும் கும்பல்கள் கம்போடியாவில் பெருகின. அப்படிச் சுமார் ஒரு லட்சம் பேர் அங்கே சிக்கியிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது. தமிழ்நாட்டுப் பையன்களும் அதில் மாட்டி, மீட்கப்பட்டு வந்திருக்கிறார்கள். கம்போடியாவில் கம்ப்யூட்டர் வேலை, மாதம் ஆயிரம் டாலர் என்று யாராவது ஏஜென்ட் சொன்னால், அந்த நாட்டின் 208 டாலரை நினைத்துப் பாருங்கள்.

விடுதிகளைத் தாண்டினால் சிறப்புப் பொருளாதார மண்டலங்கள். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போகும் சைக்கிள்கள், செருப்புகள், பைகள் எல்லாம் இங்கே தயாராகின்றன. தொழிற்சாலை மதிலை ஒட்டித் திறந்த லாரிகள் நின்றன. காலையில் ஆட்களை இறக்கிவிட்டு மாலை ஷிஃப்ட் முடியும் வரை அங்கேயே கிடக்குமாம். பஸ் ஒரு சாப்பாட்டுக் கடையில் நின்றபோது அப்படி ஒரு லாரியைப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். உட்கார இடம் கிடையாது. பக்கவாட்டில் இரும்புக் குழாயை வெல்டிங் செய்து அடைப்பு கட்டியிருக்கிறார்கள். கை படும் இடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்து பளபளக்கிறது. ஏறுவதற்குப் பின்னால் ஒரு மரப்பலகை. கிராமத்திலிருந்து நின்றபடியே வந்து, நின்றபடியே வீடு திரும்புகிறார்கள். இந்தத் தேசிய நெடுஞ்சாலை எண் 1இல் அப்படி வேலைக்குப் போனவர்கள் விபத்தில் கொத்தாக இறந்ததும் உண்டு.

சொந்த வண்டியில் வந்த சைகோன் பெண்ணின் சம்பளமும் இந்த லாரியில் வரும் பெண்ணின் சம்பளமும் காகிதத்தில் ஏறத்தாழ ஒன்று. சைகோனில் சட்டம் சொல்வதற்கு மேலேயும் கொடுத்தால்தான் ஆள் நிற்கும் என்பதால் கையில் வருவது அங்கே கூடும். ஆனால் பெரிய வித்தியாசம் சம்பளக் கவரில் இல்லை. கவரிலிருந்து வெளியே போவதில் இருக்கிறது. கம்போடியா மின்சாரத்தில் ஒரு பங்கை வியட்நாமிடமிருந்தே வாங்குகிறது. வீட்டுக்கு வரும்போது யூனிட் விலை வியட்நாமைவிட நன்றாகவே அதிகம். (வாடகை அறைக்கு வீட்டுக்காரர் மேலே வைத்து வசூலிப்பது இரண்டு நாட்டிலும் உண்டு. நம் ஊரில் இல்லையா என்ன!) பள்ளிக்கூடத்தில் ஆசிரியருக்குத் தனியாகக் கொடுக்கும் காசு, ஆஸ்பத்திரிச் செலவு, கடன் தவணை எல்லாம் அதே 208 டாலரிலிருந்துதான் போக வேண்டும். வியட்நாமில் அரசாங்கம் அரைகுறையாகவாவது சுமப்பதை இங்கே அந்தப் பெண்ணே சுமக்கிறாள்.

அந்த 208 டாலரும் சும்மா வந்ததில்லை. 2013இல் 80 டாலராக இருந்தது. 160 வேண்டும் என்று அந்த ஆண்டு டிசம்பரில் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். 2014 ஜனவரி 3 அன்று புனோம் பென்னின் வெங் ஸ்ரெங் சாலையில் போலீஸ் சுட்டதில் நான்கு பேராவது இறந்தார்கள். அதன் பிறகு ஆண்டுதோறும் ஏற்றித்தான் கொடுத்தார்கள். 2018இல் 170ஐத் தொட்டது, 2020இல் 190. வியட்நாமில் அரசின் தொழிற்சங்கக் கூட்டமைப்பைத் தவிர வேறு சங்கம் தலைகாட்ட முடியாது. கம்போடியாவில் எத்தனையோ சங்கங்கள், அவற்றில் சிலவற்றுக்குப் பல்லும் இருந்தது. ஏழை நாட்டின் சம்பளம் மேலே நிற்பதற்குக் காரணம் இதுதான். சங்கத்தால் சம்பளத்தை ஏற்ற முடிந்தது. ஆஸ்பத்திரியைக் கட்ட முடியவில்லை.

பஸ் நியாக் லுயோங்கில் மீகாங் ஆற்றை அடைந்தது. முன்பெல்லாம் பஸ்ஸோடு படகில் ஏறிக் கடக்க வேண்டும், பண்டிகை நாட்களில் மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்று பக்கத்து இருக்கைப் பையன் சொன்னான். 2015 ஏப்ரலில் ஜப்பான் உதவியில் கட்டிய பாலம் திறந்த பிறகு ஐந்து நிமிடம். பாலம் ஏறும்போது அந்த அம்மா எக்ஸ்ரே உறையைக் கீழே வைத்துவிட்டு ஆற்றைப் பார்த்துக் கும்பிட்டார்.

புனோம் பென்னில் இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது நம் பஜாஜ் ஆட்டோ. கேஸில் ஓடுகிறது, செல்போன் செயலியில் கூப்பிட்டால் வருகிறது, பேரம் இல்லை. சென்னையில் பிறந்தவனுக்கு ஆட்டோக்காரரிடம் பேரம் பேசாமல் ஏறுவது கொஞ்சம் கூச்சமாகவே இருந்தது. இரண்டாவதாகப் பட்டது லெக்ஸஸ் கார். சைகோனில் பார்த்ததைவிட இங்கே அடிக்கடி கண்ணில் படுகிறது. வியட்நாமில் கார் மீது வரி கொளுத்துகிறது. இங்கே அமெரிக்காவிலிருந்து பழைய கார்களும் வந்து இறங்குகின்றன, வாங்குவதற்கான பணமும் ஒரு சிலரிடம் குவிந்திருக்கிறது. சந்தையில் டாலரும் ரியெலும் கலந்து புழங்குகின்றன. ஒரு டாலருக்கு நாலாயிரம் ரியெல் என்று மனக்கணக்கு. 1975இல் ஆட்சியைப் பிடித்த கெமர் ரூஜ் பணத்தையே ஒழித்து, மத்திய வங்கியையும் வெடி வைத்துத் தகர்த்தது. 1980இல்தான் ரியெல் மறுபடி வந்தது. இன்று கீரைக்காரப் பாட்டியின் கூடையில் கியூஆர் அட்டை தொங்குகிறது.

கெமர் ரூஜின் துவோல் ஸ்லெங் சிறைச்சாலையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: அது ஓர் உயர்நிலைப் பள்ளி. வகுப்பறைகளைத்தான் சித்திரவதைக் கூடங்களாக்கினார்கள். ஆசிரியர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். வியட்நாம் போரில் நொறுங்கியதுதான், ஆனால் அங்கே யாரும் வாத்தியார்களைக் கூண்டோடு ஒழிக்கவில்லை. 1979இல் வியட்நாம் படை கெமர் ரூஜை விரட்டிய பிறகும், பனிப்போர்க் கணக்கில் ஐ.நா.வில் கம்போடியாவின் நாற்காலி விரட்டப்பட்டவர்கள் பக்கமே இருந்தது. அதனால் வர வேண்டிய வளர்ச்சி உதவி வரவில்லை. நாடு எழுந்து நிற்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தாமதம். 2022இல் பதினைந்து வயது மாணவர்களுக்கு நடந்த பீசா சர்வதேசத் தேர்வில் கணக்குப் பாடத்தில் வியட்நாம் 469 மதிப்பெண். கம்போடியா 336, கலந்துகொண்ட 81 இடங்களில் கடைசி. வருமானத்தில் ஏறத்தாழ இரண்டு மடங்கு வித்தியாசத்தை இருபது ஆண்டில் ஈடுகட்டலாம். இந்த இடைவெளியை அப்படி ஈடுகட்ட முடியாது.

இவ்வளவும் சொன்ன பிறகு இனி சொல்லப் போவதை நம்புவது கடினம். நான் தங்கிய விடுதியில் ஊழியர் சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு தம்ளர் பிடித்து அப்படியே குடித்தார். நான் பதறினேன். அவர் சிரித்துவிட்டு எனக்கும் ஒன்று பிடித்துக் கொடுத்தார். புனோம் பென் குழாய்த் தண்ணீரை, நகரக் குடிநீர் வாரியத்தின் கணக்குப்படி, காய்ச்சாமல் குடிக்கலாம். சைகோனில் அப்படி யாரும் குடிப்பதில்லை, கேன்தான். சென்னையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

1993இல் புனோம் பென் நிலைமை நம்மைவிட மோசம். ஏற்றிய தண்ணீரில் நூற்றுக்கு 72 பங்கு ஒழுகியோ திருடப்பட்டோ போயிற்று. மீதியும் ஒரு நாளில் பத்து மணி நேரம்தான். அந்த ஆண்டு வாரியத்தின் தலைமைக்கு வந்தவர் எக் சோன் சான், கெமர் ரூஜ் ஆட்சியில் பிழைத்துக் கிடந்த ஒரு மின்பொறியாளர். எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தார். திருட்டு இணைப்புக்குத் துணைபோன சொந்த ஊழியர்களைத் தண்டித்தார். கட்டணம் கட்டாத ராணுவ ஜெனரல் ஒருவர் வீட்டு இணைப்பைத் துண்டிக்கப் போய், நெற்றியில் துப்பாக்கி வைக்கப்பட்டதை அவரே சொல்லியிருக்கிறார். திரும்பிப் போய் ஆயுதம் தாங்கிய போலீசாரோடு வந்து துண்டித்தாராம். 1996இல் வாரியத்துக்குத் தன்னாட்சி கிடைத்தது. கட்டணத்தை ஏற்றினார்கள், ஏழைகளுக்கு இணைப்புக்கு மானியம் கொடுத்தார்கள். இழப்பு 6 சதவீதம் அளவுக்கு இறங்கியது, 24 மணி நேரமும் தண்ணீர். 2006இல் அவருக்கு மகசேசே விருது, 2010இல் வாரியத்துக்கு ஸ்டாக்ஹோம் தண்ணீர்த் தொழில் விருது. நகரம் வீங்கிய வேகத்தில் புறநகர்களில் அழுத்தம் குறைந்த காலமும் வந்தது, புதிய சுத்திகரிப்பு நிலையங்களும் வந்தன. வெளிநாட்டுப் பணம் வந்தது உண்மை. ஆனால் அதே வெளிநாட்டுப் பணம் கம்போடியாவின் எத்தனையோ துறைகளில் கொட்டப்பட்டு, எங்கே போனது என்றே தெரியாமல் போயிருக்கிறது.

குழந்தைகளுக்கான கந்தா போபா மருத்துவமனைகளும் குடிநீர் வாரியத்தைப் போன்ற விதிவிலக்குதான். சுவிட்சர்லாந்து மருத்துவர் பியாட் ரிச்னர் 1992இல் புனோம் பென்னில் மறுபடி திறந்து, பிறகு சீம் ரீப்பிலும் கட்டினார். எந்தக் குழந்தையிடமும் காசு வாங்குவதில்லை. அவரே செல்லோ வாசித்து நன்கொடை திரட்டுவார். 2018இல் இறந்தார். அங்கோர் வாட் பார்க்க நீங்கள் வாங்கும் ஒவ்வொரு நுழைவுச் சீட்டிலிருந்தும் இரண்டு டாலர் அந்த மருத்துவமனைகளுக்குப் போகிறது. அந்த முதுகுவலி அம்மா ஐம்பது வயதில்லாமல் ஐந்து வயதாக இருந்திருந்தால் எல்லை தாண்ட வேண்டியிருந்திருக்காது.

ஊர் திரும்பியதும் எல்லோரும் கேட்டார்கள், எந்த நாடு தேவலை என்று. வியட்நாம்தான், அதில் சந்தேகமே இல்லை. பிள்ளையைப் படிக்க வைக்க, உடம்புக்கு முடியாவிட்டால் பார்த்துக்கொள்ள, சொந்த வண்டியில் வேலைக்குப் போக அங்கேதான் வழி இருக்கிறது. ஆனால் கம்போடியா நின்ற இடத்தில் நிற்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம். உலக வங்கிக் கணக்கில், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தவர்கள் 2009இல் நூற்றுக்கு 34 பேர், பத்து ஆண்டில் 18ஆகக் குறைந்தார்கள். 2029 டிசம்பரில் ஐ.நா.வின் மிகக் குறைந்த வளர்ச்சி நாடுகள் பட்டியலிலிருந்தும் கம்போடியா வெளியே வருகிறது. அந்தப் பட்டியலில் இருப்பதால்தான் ஐரோப்பாவில் பெரும்பாலான பொருள்களை வரியில்லாமல் விற்க முடிகிறது. வெளியே வந்தால் மூன்று ஆண்டு அவகாசத்துக்குப் பிறகு அந்தச் சலுகை போய்விடும். வியட்நாமுக்கு ஐரோப்பாவோடு 2020 ஆகஸ்டிலிருந்தே வர்த்தக ஒப்பந்தம் இருக்கிறது. கம்போடியாவின் சலுகை போன பிறகு பவெட்டில் உள்ள தொழிற்சாலைகள், அதே சம்பளத்தையும் கூடுதல் மின்கட்டணத்தையும் கொடுத்துக்கொண்டு, சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வியட்நாம் தொழிற்சாலைகளோடு நேருக்கு நேர் போட்டி போட வேண்டும்.